உக்கிரபாண்டி இரண்டாம் தடவையாகக் கடல் பார்த்த கதை

அவனியாபுரத்தில் சோடாக்கார உக்கிரபாண்டியைத் தெரியாதவர்கள் மொத்தம் இரண்டே பேர்தான். ஒன்று, அன்றைக்குக் காலையில் பிறந்த பிள்ளை. இன்னொன்று, அன்றைக்குக் காலையில் ஊருக்கு மாற்றலாகி வந்த போஸ்ட்மேன். சாயங்காலத்துக்குள் போஸ்ட்மேனுக்குத் தெரிந்துவிடும். வயிற்று வலி வந்தால் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

தொழில், கோலி சோடா. வீட்டுப் பின்கட்டில் மெஷின் வைத்துச் சோடா சுற்றி, சைக்கிள் கேரியரில் நாலு பெட்டி அடுக்கி, வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம் என்று கடை கடையாகப் போடுவான். பதினைந்து வருஷமாக அந்தச் சுமையோடே மிதித்து மிதித்து ஒரு வினோதம் நடந்து போயிற்று. வெறும் சைக்கிளை ஓட்டுவது அவனுக்கு மறந்தே விட்டது. பின்னால் கனம் இல்லாவிட்டால் ஹேண்டில்பார் பாம்பாக நெளியும். சினிமாவுக்குப் போவதென்றால்கூட கேரியரில் ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேரியரில் ஆட்டுக்கல்லைக் கட்டிக்கொண்டு போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தான். சைக்கிள் ஸ்டாண்டுக்காரன் ஆட்டுக்கல்லுக்குத் தனி டோக்கன் கிழித்ததாகக் கேள்வி.

இன்னொரு பழக்கம், தண்ணீர். சோடாக்காரனுக்குத் தண்ணீர்தான் சரக்கு. எங்கே தண்ணீரைப் பார்த்தாலும் ஒரு கை அள்ளி வாயில் விட்டு, கண்ணை மூடி, விழுங்கிவிட்டு, "இது வில்லாபுரத்துக் கெணறு, ஒரு கல்லு உப்பு ஜாஸ்தி" என்று ஜாதகம் சொல்லுவான். துக்க வீட்டில் கைகால் கழுவக் கொடுத்த செம்புத் தண்ணீரையும் அப்படிக் குடித்துப் பார்த்து, "நல்ல ஊத்து" என்று சொல்லிப் பெரிய மனிதர்களிடம் திட்டு வாங்கியவன்.

மூன்றாவது, கடல். உக்கிரபாண்டி கடலைப் பார்த்தவன். அவனியாபுரத்தில் அந்தப் பெருமை உள்ள ஆட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதிலும் பஸ்ஸில் போகாமல், ரயிலில் போகாமல், சைக்கிளிலேயே ஒரே பகலில் தேவிபட்டணம் போய்ப் பார்த்தவன் இவன் ஒருத்தன்தான். கடலுக்குள் ராமர் நட்டு வைத்ததாகச் சொல்லுகிற ஒன்பது கல்லையும் கண்ணால் கண்டவன். அங்கே அலை பனைமர உயரம் வரும். சாயங்காலம் சூரியன் கடலுக்குள் இறங்கும்போது, சோடா உடைத்த மாதிரி 'புஸ்ஸ்' என்று சத்தம் கேட்கும். உக்கிரபாண்டி சொன்னால் கேட்கிறவன் காதில் அந்தப் புஸ்ஸ் விழும்.

இதில் ஒரே ஒரு குறை. உக்கிரபாண்டி கடலைப் பார்த்ததே இல்லை.

அந்தப் பொய் பிறந்த இடம் வாடிப்பட்டி. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் தகப்பன் சிவனாண்டி, தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "மாப்ள வெளியூரு ஏதும் போயிருக்காரா?" என்று கேட்டார். உக்கிரபாண்டி அதுவரை வடக்கே அழகர்கோவில் போயிருந்தான். மேற்கே, அதோ, அன்றைக்கு வாடிப்பட்டி வந்திருந்தான். உலகம் முடிந்துவிட்டது. ஆனால் கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. வாய் தானாகத் திறந்தது.

"கடல் வரைக்கும் போயிருக்கேன் மாமா. தேவிபட்டணம். சைக்கிள்லயே. வெள்ளன கெளம்பிப் பொழுது சாயுறதுக்குள்ள."

வளையல் சத்தம் சட்டென்று நின்றது. அடுத்த தையில் கல்யாணம். மாயக்காள் அவன் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அந்தக் கடலை அவள் புருஷனைவிட நன்றாகச் சொல்லுவாள். பிள்ளைகளைத் தூங்க வைப்பதே பனைமர அலையைச் சொல்லித்தான். இவன் மட்டும் அந்த நேரம் வெளியே போய் பீடி பற்றவைப்பான். பொய் சொல்லுவதில் அவனுக்குக் கூச்சமில்லை. அந்தப் பொய்யை அவள் நம்புவதைப் பார்க்கத்தான் கூச்சம்.

எழுபத்தெட்டாம் வருஷம், தீபாவளி முடிந்த ஐப்பசி. தெருக்குழாயடியில் சீனியம்மாள் குடத்தை முன்னால் நகர்த்த, மாயக்காள் அதைப் பின்னால் தள்ள, பேச்சு குடத்தைத் தாண்டிப் புருஷன்மார் வரை போய்விட்டது.

"கடலப் பாத்தவன் மூஞ்சியா அது? கம்மாயப் பாத்த மூஞ்சி!" என்றாள் சீனியம்மாள். "ஒம் புருசன் போனதுக்கு என்னாடி சாட்சி? மீனு வந்து சொல்லுச்சா?"

மாயக்காள் குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்தாள். மழைக் காலத்தில் சோடா யார் குடிக்கிறார்கள்? உக்கிரபாண்டி வெறும் பாட்டில்களோடு உட்கார்ந்து கோலிகளைக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம கடலுக்குப் போறோம்."

"யாரு?"

"நீங்களும் நானும். நீங்க போன மாதிரியே. சைக்கிள்ல."

உக்கிரபாண்டி கையில் இருந்த பாட்டிலைக் கீழே வைத்தான். "பஸ்ஸுல போவோம் புள்ள. சொகமா இருக்கும்."

"பஸ்ஸுல போனா, சைக்கிள்ல போனதுக்கு அது எப்படிச் சாட்சியாகும்?"

"மழைக் காலம்..."

"நீங்க போனதும் ஐப்பசிதான? நீங்கதான சொன்னீங்க."

சொன்னவன் அவன்தான். பொய்க்கு மாதம் எதற்கு என்று அன்றைக்கு யோசித்திருக்க வேண்டும். "கேரியர்ல அம்புட்டு தூரம் ஒன்னால உக்கார முடியாது மாயி. ஒடம்பு பஞ்சாப் போயிரும்."

"நாலு பெட்டி உக்காருதுல்ல? நான் மூணு பெட்டிக் கனந்தான் இருப்பேன்." பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோழி கூவுமுன் புறப்பட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் வாடிப்பட்டி அம்மாச்சி வீட்டில். கேரியரில் மடித்த சாக்கு, அதன்மேல் மாயக்காள், மடியில் தூக்குச்சட்டி நிறையப் புளிச்சோறு. மழைக்கு ஆளுக்கொரு உரச்சாக்கு. கனம் சரியாக இருந்ததால் சைக்கிள் கோடு போட்ட மாதிரி ஓடியது. கடல் கிழக்கே இருக்கிறது. அது வரைக்கும் அவனுக்குத் தெரியும். கிழக்கு எந்த ரோட்டில் இருக்கிறது என்பதுதான் தெரியாது. எழுத்துப் படிப்பு கைநாட்டோடு சரி. மைல்கல் எல்லாமே அவனுக்கு ஒரே முகம்.

ஆனால் மூளை இருந்தது. திருப்புவனத்தில் ரோடு பிரிகிற இடத்தில் ஒரு சைக்கிள் கடை திறந்திருந்தது.

"எறங்கு புள்ள. காத்து கொறவா இருக்கு."

மாயக்காள் இறங்கி வைகை மணலைப் பார்த்துக்கொண்டு நிற்க, இவன் பம்பை அமுக்கியபடி கடைக்காரன் காதில், "அண்ணே, தேவிபட்டணத்துக்கு எந்தப் பக்கம்ணே?" என்றான். அவன் கையை நீட்டினான். உக்கிரபாண்டி அந்த ஊர் ஊற்றுத் தண்ணீரை ஒரு கை குடித்து, "கல்கண்டு!" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, பிறந்ததிலிருந்து அந்த ரோட்டிலேயே படுத்துக் கிடந்தவன் மாதிரி மிதித்தான்.

மானாமதுரையிலும் ரோடு பிரிந்தது. அங்கேயும் காற்றடித்தான்.

அதுவரை நிலா மாதிரி குளுகுளுவென்று இருந்த வானம், அதற்கப்புறம் குணம் மாறியது. முதலில் எதிரே வாடைக்காற்று வந்தது. வந்த காற்று சும்மா வரவில்லை, நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. உக்கிரபாண்டி பத்து மிதி மிதித்தால் சைக்கிள் இரண்டு மிதி தூரம் போனது. மிச்சம் எட்டைக் காற்று பிடுங்கிக்கொண்டது. திடீரென்று காற்று நின்று வெயில் அடித்தது. சட்டை காய்ந்து முறுக்கு மாதிரி ஆனதும் மழை வந்தது. அதுவும் ரோட்டின் இடது பாதியில் மட்டும். வலது பக்கம் ஓட்டினால் வெயில், இடது பக்கம் ஓட்டினால் மழை.

"நடுவுல ஓட்டுங்க. ஒரு பக்கம் நனைஞ்சாலும் ஒரு பக்கம் காயும்ல?" என்றாள் பின்னால் இருந்து.

மாயக்காளின் மரியாதைக்கும் இந்த வானத்துக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. மனம் தெளிவாக இருந்தால் 'நீங்க'. மேகம் போட்டால் 'நீ'. இடி இடிக்கப் போகிறது என்றால் 'யோவ்'. அன்று காலை முழுக்க 'நீங்க'தான். அவள் சந்தோஷத்தில் பாதியை உக்கிரபாண்டி முதுகிலேயே தாளம் போட்டுத் தீர்த்தாள். அந்தத் தாளம்தான் அவனுக்கு அடி மாதிரி வலித்தது.

பார்த்திபனூரில் காற்றடித்தான். அங்கே கடைக்காரன் சோணை, வயசான ஆள், சத்தமாகப் பேசுகிற பேர்வழி.

"வழியாப்பா? பரமக்குடி போயி..."

"மெதுவாச் சொல்லுங்கண்ணே!"

"மெதுவாச் சொன்னாலும் அதே பரமக்குடிதான். ஏன்யா கொலையா பண்ணிட்டு ஓடுற?"

"இல்லண்ணே, பொண்டாட்டி கூட இருக்கா."

சோணை மாயக்காளைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி தலையை ஆட்டினார். என்ன புரிந்தது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

ஊரைத் தாண்டியதும் வானம் கூரை பிய்ந்த மாதிரி கொட்டியது. உரச்சாக்கு ஒரு நிமிஷம் தாங்கியது. அப்புறம் அதுவே ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டது. ரோட்டோரப் பஸ் நிறுத்தக் கொட்டகையில் ஏற்கெனவே பதினேழு ஆடுகள் ஒதுங்கியிருந்தன. இவர்கள் பதினெட்டாவதும் பத்தொன்பதாவதுமாக நுழைந்தார்கள். புளிச்சோற்றைத் திறந்ததும் ஆடுகள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி நெருங்கி வந்தன.

மழையைப் பார்த்துக்கொண்டே மாயக்காள் சொன்னாள்: "நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப எனக்கு ரெண்டு எடம் வந்துச்சு. தெரியுமா?"

"தெரியும். அந்த ரேசன் கட எழுத்தரு."

"மூணு ஏக்கரு நஞ்சை. கெணறு. மோட்டாரு. எங்கய்யா அவரத்தான் முடிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நாந்தான் மாட்டேன்னு அழுதேன்."

பன்னிரண்டு வருஷமாக அது தன் மீசையால் நடந்த காரியம் என்று நினைத்திருந்தான் உக்கிரபாண்டி. மீசையைத் தடவிக்கொண்டான். "ஏன் மாட்டேன்ன?"

"அவரு எங்கெங்க போயிருக்காருன்னு எங்கய்யா கேட்டதுக்கு, ரேசன் கடைக்கின்னாரு. நீங்க கடலுக்குன்னீங்க. கடல் வரைக்கும் போன மனுசன், என்னிக்காச்சும் ஒருநா என்னையவும் கூட்டிட்டுப் போவாருன்னு நெனச்சேன்." அவள் ஓர் ஆட்டின் வாயிலிருந்து சேலை முந்தானையைப் பிடுங்கினாள். "பன்னெண்டு வருசம் ஆச்சு. பரவாயில்ல."

மீசையிலிருந்த கை தானாக இறங்கியது. மூன்று ஏக்கர் நஞ்சை, கிணறு, மோட்டார் எல்லாவற்றையும் இவள் ஒரு புளுகுக்காக விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"மாயி, ஒண்ணு சொல்லணும்..."

"மழை விட்டுருச்சு! ஏறுங்க, ஏறுங்க. பொழுது சாயுறதுக்குள்ள போகணும்ல?"

வெயில் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நின்றது. அவள் ஆடுகளைத் தாண்டி ரோட்டில் நின்றுவிட்டாள்.

பரமக்குடியில் இரண்டு இடத்தில் ரோடு பிரிந்தது. இரண்டு இடத்திலும் காற்றடித்தான். அதற்கப்புறம் நாடு தட்டையாகிவிட்டது. தோசைக்கல்லில் எறும்பு ஊருகிற மாதிரி இவர்கள் ஊர்ந்தார்கள். கருவேலங்காடு, பனை, மறுபடி கருவேலங்காடு. வழியில் குடித்துப் பார்த்த தண்ணீர் ஊருக்கு ஊர் கரித்துக்கொண்டே வந்தது. "சோடாவுக்கு ஆகாது," என்று ஒவ்வொரு ஊரையும் தள்ளுபடி செய்துகொண்டே போனான். மழைக்கு அப்புறம் அடித்த வெயில் சும்மா வெயிலல்ல. ரோடு ஆவி விட்டது. டயர் கல்லாக இறுகியிருந்தது. அஞ்சு கடைக் காற்று ஒரு டியூப்பில் எத்தனை நேரம்தான் சண்டை போடாமல் இருக்கும்?

சத்திரக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் 'டமார்' என்று ஒரு சத்தம். பனைமரத்துக் காக்காய்கள் எல்லாம் பக்கத்து ஜில்லாவுக்குப் பறந்தன. மாயக்காள், "ஆத்தாடி, யாரோ சுட்டுட்டான்!" என்று அலறிக்கொண்டு குதித்தாள். பின் டயர் வாயைப் பிளந்துவிட்டது.

தள்ளிக்கொண்டு போய் ஆண்டிச்சாமி என்பவனின் சைக்கிள் கடையில் நிறுத்தினார்கள். அவன் டியூப்பை வெளியே இழுத்துத் தோளில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு, "எந்தப் புண்ணியவாண்ணே இம்புட்டு காத்து அடிச்சது?" என்றான்.

உக்கிரபாண்டி வாய் திறக்குமுன் மாயக்காள் விரல் மடக்கினாள். "திருப்புவனத்துல ஒருக்கா. மானாமதுரையில ஒருக்கா. பார்த்திபனூர்ல ஒருக்கா. பரமக்குடியில ரெண்டு தடவ."

"சைக்கிளுக்கு அடிச்சாரா, திருவிழா பலூனுக்கு அடிச்சாரா?"

மடக்கிய விரலை மாயக்காள் விரிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அந்த அஞ்சு இடத்தையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போய்ப் பார்க்கிற மாதிரி இருந்தது அவள் கண்.

ஆண்டிச்சாமி பழைய டியூப் ஒன்றை ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு மாட்டிவிட்டு, "ராமநாதபுரத்துல இடது கைப்பக்கம் திரும்புனா நேரா கடல்தாண்ணே. போயிருக்கீங்கள்ல?" என்றான்.

"போகாம?" என்றான் உக்கிரபாண்டி. குரல் பாதிக் காற்றாகத்தான் வந்தது.

ராமநாதபுரத்தில் அவன் காற்றடிக்கவில்லை. "இடது கைப்பக்கம்," என்றாள் பின்னால் இருந்து மாயக்காள். அவ்வளவுதான் பேசினாள். தாளமும் நின்றுவிட்டது.

கடைசிப் பத்து மைலில் காற்றே வேறு மாதிரி மணத்தது. கருவாடு, ஈரம், இன்னும் என்னவோ. பொழுது சாய இன்னும் ஒரு பனை உயரம் இருக்கும்போது, வீடுகளும் தென்னையும் சட்டென்று விலகின. ரோடு தீர்ந்து போயிற்று.

எதிரே ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாதது முழுக்கத் தண்ணீர்.

பாதி வானத்தில் கரிய மேகம். அதன் அடியில் கடல் ஈயப் பாத்திரமாகக் கிடந்தது. இந்தப் பக்கம் வெயில் சாய்ந்து விழுந்த இடமெல்லாம் புதுத் தகரமாக மின்னியது. தூரத்தில் மழை மட்டும் தனியாக ஒரு தூண் மாதிரி நடந்து போய்க்கொண்டிருந்தது. உக்கிரபாண்டி பிரேக் பிடிக்க மறந்து, சைக்கிள் தானாக மணலில் புதைந்து நின்றது. பன்னிரண்டு வருஷமாக அவன் விட்ட புளுகைவிடக் கடல் பெரிதாக இருந்தது. தலையில் கைவைத்துக் கத்த வேண்டும் போல இருந்தது. மணலில் உருள வேண்டும் போல இருந்தது. ஆனால் ஏற்கெனவே பார்த்தவன் எப்படிக் கத்துவான்?

"இதுதான் கடல்," என்றான், பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்லுகிற மாதிரி.

மாயக்காள் இறங்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்தக் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல், கரையில் நாக்கை மட்டும் நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

"பனமர அலை எங்க?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைல்ல? லீவா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "கல்லு அஞ்சுதான் தெரியுது?"

உக்கிரபாண்டி எண்ணினான். அஞ்சுதான். மறுபடி எண்ணினான். ராமர் எண்ணிக்கையில் ஏமாற்றிவிட்டாரோ என்று ஒரு கணம் அவனுக்கே சந்தேகம். பக்கத்தில் அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்த செல்லத்தாய் என்கிற பெண்பிள்ளை, "தண்ணி ஏறிக் கெடக்குதுக்கா. வத்துனா ஒம்பதும் தெரியும்," என்று உயிரைக் காப்பாற்றினாள்.

"பாத்தியா? நான் சொல்லல?" என்றான்.

மாயக்காள் திரும்பினாள். மெதுவாக, முழுசாக, பின்பக்கம் திரும்பினாள். அங்கே, கடலுக்கு நேர் எதிரே, வந்த ரோட்டுப் பக்கம், தென்னை மரங்களுக்குப் பின்னால் சூரியன் சத்தம் போடாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"யோவ்," என்றாள். "சூரியன் இந்தப் பக்கம்ல எறங்குது?"

உக்கிரபாண்டியும் திரும்பிப் பார்த்தான். கிழக்கே போனால் கடல் கிழக்கேதான் இருக்கும், சூரியன் மேற்கேதான் விழும் என்கிற விஷயம் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் மண்டையில் ஏறியதில்லை.

"மழைக் காலத்துல... எடம் மாறி எறங்கும்," என்றான்.

அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்கத் திராணியில்லை. முகம் கழுவுகிற சாக்கில் தண்ணீரைப் பார்த்து நடந்தான். முழங்கால் வரை இறங்கினான். வாய் வறண்டு கிடந்தது. எதிரே தண்ணீர். பதினைந்து வருஷத் தொழில் கை அவன் அனுமதியைக் கேட்கவில்லை. குனிந்தது, அள்ளியது, வாயில் விட்டது. கண்ணை மூடினான். விழுங்கினான்.

"ஐயய்யோ!"

கண் இரண்டும் கோலி மாதிரி வெளியே வந்தன. இருமினான், துப்பினான், நாக்கை வேட்டியில் துடைத்தான். "ஏ புள்ள! இம்புட்டு உப்பா! தொண்டையே எரியுதே! உப்பு இருக்கும்னாய்ங்க, நம்ம கெணறு மாதிரி ஒரு கல்லு ரெண்டு கல்லு இருக்கும்னுல்ல நெனச்சேன். இது உப்பு மூடையால்ல இருக்கு! இம்புட்டு இருக்கும்னு எனக்கு எவனும் சொல்லவே இல்லையே!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. செல்லத்தாய் கடலை மடிக்கிற காகிதத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கரையில் மாயக்காள் நின்றாள்.

"நான் வந்ததே இல்ல மாயி," என்றான் உக்கிரபாண்டி தண்ணீருக்குள் நின்றபடி. உப்பில் கண்ணும் எரிந்தது, அதனால் அழுவது மாதிரியும் இருந்தது. "திருப்புவனத்தத் தாண்டுனதே இன்னிக்குத்தான். வளையச் சத்தம் கேட்டுச்சு. வாயில வந்துருச்சு."

மாயக்காள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவனைத் தாண்டித் தண்ணீருக்குள் நடந்தாள். இவனுக்கு முதுகு காட்டி நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு தூறல் வந்தது, கடல் முழுக்கப் புள்ளிக் கோலம் போட்டது, போய்விட்டது. உக்கிரபாண்டி அசையவில்லை. சுமையில்லாத சைக்கிளில் ஏறின மாதிரி அவனுக்குள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று ஏக்கர் நஞ்சை, கிணறு, மோட்டார். மூன்று ஏக்கர் நஞ்சை, கிணறு, மோட்டார்.

அவள் ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தாள். முகம் கோணியது.

"அந்த ரேசன் கட எழுத்தரு இப்ப எங்க இருக்காரு தெரியுமா?" என்றாள் திரும்பாமலே.

"எங்க?"

"ரேசன் கடையிலதான்."

தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறாள் என்று பதறி ஓடினான். ஓடித் தடுக்கி இடுப்பளவு தண்ணீரில் விழுந்தான். எழுந்து பார்த்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றதும் அவன் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே குட்டு; மதுரை வரைக்கும் கேட்டிருக்கும்.

"ரோடு பிரியிற எடமெல்லாம் காத்தடிச்சியே, அப்பவே தெரிஞ்சு போச்சு. சத்திரக்குடியிலயே எறங்கிப் பஸ் ஏறிரலாமான்னு நெனச்சேன்."

"ஏன் ஏறல?"

"கூட்டிட்டு வந்துட்டீங்கள்ல? வழி தெரியாமலே கூட்டிட்டு வந்துட்டீங்களேய்யா!" என்றாள். "வாங்க. கல்லச் சுத்தி வருவோம்."

அதற்கப்புறம்தான் உக்கிரபாண்டி கடலைப் பார்த்தான். பார்த்தவன் என்கிற பாரம் போனதும் வாய் திறந்துகொண்டது. "ஏ புள்ள, இந்தா பாரு, அக்கரையே இல்ல! எம்புட்டு தண்ணி! இத வச்சுச் சோடா சுத்துனா உலகத்துக்கே போடலாம், உப்பு மட்டும் எடுத்துட்டா!" என்று கூவிக்கொண்டே, வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு, கால்சட்டையோடு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கல்லுகளைச் சுற்றினான். ஒரு நண்டைப் பார்த்துக் கும்பிட்டான். பூசைக்கு வந்திருந்த குடும்பங்கள் அவனைப் பார்த்துச் சாமி வந்திருக்கிறது என்று நினைத்து விலகி வழிவிட்டன.

திரும்பும்போது காலையில் நெஞ்சில் கைவைத்துத் தள்ளிய அதே வாடைக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. ராமநாதபுரம் ஸ்டேஷனில் சைக்கிளோடு ரயில் ஏறினால் போதும். அதுவரை மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில் ரோடு தானாகப் பின்னால் போயிற்று. மடியில் அவித்த கடலை; அவள் உரித்து உரித்துப் பின்னாலிருந்து அவன் வாயில் போட்டாள்.

"ஊருல போயி உண்மையச் சொல்லிரட்டுமா?" என்றான்.

"வாயத் தொறந்தீங்க, கொன்னுருவேன். பன்னெண்டு வருசமா வாடிப்பட்டி வரைக்கும் சொல்லி வச்சிருக்கேன். என் மானம் என்னாகுறது? ஒங்களுக்கு இது ரெண்டாந் தடவ. எனக்கு மொதத் தடவ. அம்புட்டுதான்."

"சரி."

"சீனியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்." இன்னொரு கடலையை உரித்து அவன் வாயில் போட்டாள். "தண்ணிக்குள்ள நிக்கிறப்ப ஒரு மீனு வந்து என் கால மிதிச்சிருச்சுன்னு சொல்லப் போறேன். எரும மாடு கனம் இருந்துச்சுன்னு."

மதுரை ஜில்லாவிலேயே பெரிய புளுகை விட்ட உக்கிரபாண்டிக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. "மீனுக்குக் காலேது புள்ள?"

"அது அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மாயக்காள். "அவ கடலப் பாத்திருக்காளா?"